உயரத்துக்கு ஏற்ற எடை: கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும் சாலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் அதில் ஏறி நிற்பார்கள். மலைக்கு மேலிருந்து வருகிறவர்கள் "சேட்டா, தூக்கம் நோக்கணும்" என்பார்கள். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. எந்த மொழியில் கேட்டாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "என் உயரத்துக்கு இது சரியா?"

கேட்கிற எல்லோரும் ஒரே ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். மருந்து கம்பெனியிலிருந்து வந்த அட்டை ஒன்று சுவரில் தொங்கியது. ஒவ்வோர் உயரத்துக்கும் நேராக ஓர் எடை. 56 என்று போட்டிருந்த இடத்தில் தனக்கு 58 இருப்பதைப் பார்த்தால் வந்தவர் முகம் வாடிவிடும். அந்த இரண்டு கிலோவில் ஒன்றுமே இல்லை. சரியான எடை என்று ஒரு புள்ளி கிடையாது, ஒரு வரம்புதான் உண்டு. 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு அது ஏறக்குறைய 47 கிலோவில் தொடங்கி 58 கிலோ வரை போகிறது. அதற்குள் எங்கே இருந்தாலும் சரி. இது புரிந்த பிறகு அட்டையைக் கழற்றிவிட்டேன்.

அட்டை இல்லாவிட்டால் மனக்கணக்கு வரும். உயரத்தை சென்டிமீட்டரில் வைத்து 100ஐக் கழி, மிச்சம்தான் எடை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரால் வழங்கும் கணக்கு இது. உயரம் குறைந்தவர்களுக்கு ஓரளவு பொருந்தும். 150 என்றால் 50 கிலோ, வரம்புக்குள் வந்துவிடுகிறது. 170க்குப் போனால் 70 கிலோ வரை இருக்கலாம் என்று சொல்லும். நமக்கு அந்த உயரத்தில் மேல் எல்லை 66தான். உயரம் கூடக் கூட இந்தக் கணக்கின் பிழையும் கூடும்.

இப்போது எல்லோரும் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண்ணைப் பார்க்கிறார்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். நான் அதிகம் பார்த்த தவறு இங்கேதான் நடக்கிறது. உயரத்தின் வர்க்கம் என்று படித்ததை உயரத்தின் இரண்டு மடங்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1.6 மீட்டர் உயரம், 64 கிலோ எடை. 1.6ஐ 1.6ஆல் பெருக்கினால் 2.56, 64ஐ அதால் வகுத்தால் 25. அதே 1.6ஐ இரண்டால் பெருக்கிவிட்டால் 3.2, விடை 20 என்று வரும். 25 என்பது நம் நாட்டு அளவில் உடல் பருமன் தொடங்கும் இடம். 20 என்றால் கவலையே வேண்டாம். ஒரே ஆள், ஒரே எடை.

இன்னொன்று அடி கணக்கு. ஐந்தடி பத்து அங்குலத்தை போன் ஆப்பில் 5.10 என்று தட்டுகிறார்கள். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். ஐந்தடி பத்து என்றால் 178 சென்டிமீட்டர், 5.10 அடி என்றால் 155தான். அடியையே விட்டுவிட்டு, சுவரில் பென்சில் கோடு போட்டு டேப்பால் சென்டிமீட்டரில் அளப்பது நல்லது. செருப்பைக் கழற்ற வேண்டும், கொண்டையை அவிழ்க்க வேண்டும், குதிகாலும் முதுகும் சுவரில் பட நிற்க வேண்டும், தலை மேல் ஒரு நோட்டைச் சமமாக வைத்துக் கோடு போட வேண்டும். இருபது வயதில் அளந்த உயரத்தை அறுபதிலும் சொல்லக் கூடாது. வயதாக ஆக உயரம் குறையும்.

எடை பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏலக்காய் மூட்டையை எடை போட்டால் சாக்கு எடையைக் கழிக்காமல் யாரும் விடமாட்டார்கள். நம் உடம்புக்கு மட்டும் ஸ்வெட்டர், தூக்குவாளி, போன், அரைஞாண் கயிற்றில் தொங்கும் சாவிக்கொத்து எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுவிடுகிறோம். காலையில் வெறும் வயிற்றில், ஒரே மெஷினில், சமதரையில் பார்த்தால் போதும். காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ வித்தியாசம் வந்தால் அது சாப்பாடும் தண்ணீரும்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான கணக்குகள் பி.எம்.ஐ. 18.5லிருந்து 24.9 வரை நல்ல எடை என்று காட்டும். அது உலகப் பொது அளவு. 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் ஒன்றுகூடி வெளியிட்ட பரிந்துரையில் நமக்கு 23லேயே அதிக எடை தொடங்குகிறது, 25இல் பருமன். காரணம் கொழுப்பு. புனேயில் டாக்டர் யாஜ்னிக் என்று ஓர் ஆராய்ச்சியாளர், லண்டனில் டாக்டர் யுட்கின் என்று ஒருவர். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சாக ஒன்றுதான், 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படத்தோடு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். பார்த்தால் இருவரும் ஒல்லிதான். மெஷினுக்கு எலும்பும் தசையும் கொழுப்பும் ஒன்றுதான், மொத்தமாகத்தான் சொல்லும்.

பி.எம்.ஐ.யின் பிறப்பும் இங்கே கவனிக்க வேண்டியது. 1830களில் பெல்ஜியத்தில் இந்தக் கணக்கைப் போட்ட கெட்லே ஒரு வானியலாளர், புள்ளியியலாளர், வைத்தியர் அல்ல. 1972இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இந்தப் பெயர் வைத்தது ஆண்களின் அளவுகளை வைத்து. பெருந்திரளான மக்களை ஒப்பிட அது நல்ல கருவி. ஒரு தனி ஆளுக்கு அது முதல் கேள்வி மட்டும்தான்.

இரண்டாவது கேள்வி இடுப்பளவு. இதை யாரும் அளப்பதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கடைக்கு வரும் ஜீப் டிரைவர் ஒருவர், 170 சென்டிமீட்டர், 66 கிலோ. பி.எம்.ஐ. 22.8, வரம்புக்குள். கை கால் குச்சி. "இடுப்பு எவ்வளவுண்ணே?" என்றேன். "முப்பத்திரண்டு, பேண்ட் சைஸ் அதான்" என்றார். பேண்ட்டையும் கைலியையும் நம் ஆண்கள் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறார்கள். தொப்பை எவ்வளவு வளர்ந்தாலும் பேண்ட் சைஸ் மாறுவதில்லை. விலா எலும்பின் கடைசி நுனியையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் டேப்பைச் சுற்றினேன். 97 சென்டிமீட்டர். அவர் டேப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நமக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. அங்குல டேப்பில் ஆண்களுக்கு முப்பத்தைந்தரைக்குக் கொஞ்சம் உள்ளே, பெண்களுக்கு முப்பத்தொன்றரை. டேப் இல்லையென்றால் ஒரு கயிறு போதும். உயரத்துக்குக் கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் சேராவிட்டால் வயிற்றில் கொழுப்பு கூடுதல் என்று அர்த்தம். அந்த டிரைவரை மறுநாள் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கச் சொன்னேன், 148 இருந்தது. 126ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்பார்கள். ஒரு தடவையோடு முடிவு செய்யக் கூடாது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன், மறு பரிசோதனையிலும் அதே நிலைதான். எடையை மட்டும் பார்த்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் தெரியாமலே ஓட்டியிருப்பாரோ.

எதிர்ப்பக்கமும் உண்டு. குமுளியில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி ஒருவருக்கு பி.எம்.ஐ. 26, இடுப்பு 82. தோளும் தொடையும் தசைக்கட்டு. அவரைப் பட்டினி கிடக்கச் சொன்னால் அது தவறு.

எடை குறைய வேண்டியவர்கள் செய்யும் தவறு, நல்ல எடைக்கு வந்தால்தான் பலன் என்று நினைத்து, ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிடுவது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. மெஷினில் முள் அசையவில்லை என்று நடப்பதை நிறுத்தியவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

தானாக எடை குறைந்தால் சந்தோஷப்படுவது மிகப் பெரிய தவறு. ஆறு மாதத்துக்குள் முயற்சியே இல்லாமல் 60 கிலோ ஆள் மூன்று கிலோ இறங்கினாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, காசநோய், தைராய்டு, புற்றுநோய் எதுவும் இருக்கலாம். சில நாளில் மளமளவென்று ஏறினாலும் அப்படித்தான். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர். இதயமோ சிறுநீரகமோ சொல்லும் செய்தி.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மேலே சொன்ன எந்த எண்ணும் பொருந்தாது. குழந்தைக்கு அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில் உள்ள கோடுதான் கணக்கு. பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு.

கடைசியாக, யாரும் பேசாத பக்கம். எடை என்றாலே குறைப்பது என்று ஆகிவிட்டது. ஏலத்தோட்டத்துக்கு விடிகாலை ஜீப்பில் போகும் ஓர் அக்கா, 150 சென்டிமீட்டர் உயரம். மெஷினில் 39 காட்டியது. "பாத்தியா தம்பி, எனக்கு ஒடம்பே போடாது" என்று பெருமையாகச் சிரித்தார். பி.எம்.ஐ. 17.3. அந்த உயரத்துக்கு அவர் குறைந்தது 41.6 கிலோ இருக்க வேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ரத்தம் பார்க்கச் சொன்னேன், ஹீமோகுளோபின் 8தான் இருந்தது. பெண்களுக்கு 12 வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள். சாப்பிட்ட கையோடு கட்டஞ்சாயா குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போடச் சொன்னேன், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தூக்குவாளியில் கஞ்சியோடு அவித்த முட்டை ஒன்றோ, சுண்டலோ சேரட்டும் என்றேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் வருகிறார். செருப்பைக் கழற்றி, ஸ்வெட்டரையும் தூக்குவாளியையும் என் மேசையில் வைத்துவிட்டுத்தான் மெஷினில் ஏறுவார். போன வாரம் 41 காட்டியது. "இன்னும் எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். அறுநூறு கிராம் என்றேன்.