பைனரி ட்ரீயில் ரிகர்ஷன்: மேலே எதை அனுப்புகிறீர்கள்?

ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் உயர்தரம் முடித்த சில பிள்ளைகளுக்கு கோடிங் கணக்குகள் சொல்லிக்கொடுக்கிறேன். பைனரி ட்ரீ (மதிப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது நோடுக்கும், கீழே இடது, வலது என்று அதிகபட்சம் இரண்டு பிள்ளை நோடுகள் உள்ள அமைப்பு) வந்ததும் ஒவ்வொரு செட்டும் அதே குழிகளில்தான் விழுகிறது. பேஸ் கேஸை, அதாவது ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிடுவதை (ரிகர்ஷன்) நிறுத்தும் இடத்தை மறப்பது, இடதும் வலதும் மாறிப்போவது எல்லாம் ஓடவிட்டதுமே தெரிந்துவிடும், அவற்றை விடுவோம்.

ரிட்டர்ன் வேறு, விடை வேறு

கேள்வி இதுதான்: எந்த நோடில் தொடங்கி எந்த நோடில் முடிந்தாலும் சரி, எந்த நோடையும் இரண்டு முறை தொடாத பாதைகளில் அதிகபட்சக் கூட்டுத்தொகை என்ன? பிள்ளைகள் இடது, வலது, தன் மதிப்பு மூன்றையும் கூட்டி அதையே மேல் நோடுக்கு ரிட்டர்ன் செய்துவிடுகிறார்கள். மூன்று நோட் உள்ள ட்ரீயில் அந்தக் கோட் சரியான விடையே தரும், எனக்கு எரிச்சல் வருவதே அதனால்தான். "சரியா வருதே சேர்" என்பார்கள். வரும். இரண்டு மட்டம் மட்டும் இருந்தால் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது.

வேரில் (உச்சி நோடில்) 4, அதன் இடது 5, வலது 2, அந்த 5-க்குக் கீழே 6, 3 என்று வைத்துப் பாருங்கள். 5-இல் நின்றால் 6+5+3 = 14, அது முழுப் பாதை, தனி வேரியபிளில் குறித்துக்கொள்ளலாம். ஆனால் 4-க்கு அனுப்ப வேண்டியது 5+6 = 11 மட்டும்தான். அப்போது 11+4+2 = 17, அதுதான் விடை. 14-ஐ அனுப்பினால் 20 வருகிறது. அது பாதையே அல்ல, ட்ரீ முழுவதையும் கூட்டிய தொகை. நோர்வூட்டில் ஏறி ஹட்டன் வழியாகத் தலவாக்கலைக்குப் போகலாம், அது ஒரு பயணம். கினிகத்தேனையில் இருந்து ஹட்டனுக்கு ஏறி வருகிறவர் இரண்டில் ஒரு பக்கம்தான் திரும்ப முடியும்.

ஒரு தம்பி, பைதனில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, முழுவதையும் ஜாவாவில் திருப்பி எழுதிக்கொண்டு வந்தான். ஜாவாவிலும் அதே 20.

கோட் எழுதும் முன்பே ஃபங்ஷனின் தலையில் ஒரு வரி கமென்ட் போடச் சொல்கிறேன்: "இந்த நோடில் தொடங்கி ஒரே பக்கமாகக் கீழே இறங்கும் பாதையின் அதிகபட்சத் தொகை". அதை எழுத வரவில்லை என்றால் கோடும் வராது. ட்ரீயின் விட்டம் (இரண்டு நோடுகளுக்கு இடையிலான மிக நீண்ட பாதையின் நீளம்) கேட்கும் கணக்கும் இதே கதைதான், ரிட்டர்ன் ஆவது உயரம், குறித்துக்கொள்வது இரண்டு பக்க உயரங்களின் கூட்டு.

விடையைப் பூச்சியத்தில் தொடங்குவது

எல்லா மதிப்பும் மைனஸாக இருந்தால்? எந்தப் பாதையும் தராத 0 விடையாக நின்றுவிடும். வேரின் மதிப்பில் தொடங்குங்கள்.

குறைந்தபட்ச ஆழம்

வேரிலிருந்து மிக அருகிலுள்ள இலை (கீழே பிள்ளை நோட் இல்லாத நோட்) வரையான ஆழத்தைக் கேட்கும் கணக்கு இது. ஒரு பிள்ளை நோட் மட்டும் உள்ள நோடில், இல்லாத பக்கத்தின் 0-ஐ எடுத்துக்கொண்டு ஆழம் 1 என்கிறார்கள். இலை வரை போக வேண்டும், அந்த நோட் இலை அல்லவே.

பாதை லிஸ்ட்

பாதைகளை லிஸ்டாகச் சேமிக்கும்போது நகல் எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பாதைக்குப் போகும்போது அதே லிஸ்ட் மாறிவிடும்.

பைதனின் 1000

ஒரு ஃபங்ஷன் தன்னையே எத்தனை ஆழம் கூப்பிடலாம் என்ற ரிகர்ஷன் எல்லை பைதனில் வழக்கமாக 1000. ஒரே பக்கமாகச் சரிந்த 10,000 நோட் ட்ரீ வந்தால் சரியான கோடும் நடுவழியில் நின்றுவிடும். எல்லையைக் கூட்டலாம், நானாக இருந்தால் சொந்தமாக ஒரு ஸ்டாக் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) வைத்து எழுதிவிடுவேன்.