இடுப்பு மட்டும் ஆடட்டும்: பெல்லி டான்ஸ் முதல் பாடம்

மூன்று வருடம் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். காலுக்கு நன்றாகத்தான் இருந்தது. இடுப்பு மட்டும் பழையபடி துருப்பிடித்த கீல் மாதிரியே கிடந்தது. அப்புறம் மகள் போனில் ஒரு வீடியோவைக் காட்ட, ஹாலில் சோபாவை ஓரம் தள்ளிவிட்டு பெல்லி டான்ஸ் ஆரம்பித்தேன். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, "என்னம்மா, திருவிழாவுக்குக் கரகம் எடுக்கப் போறியா?" என்றார்.

கேலிதான். ஆனால் அத்தை சொன்னதில் விஷயம் இருக்கிறது. கரகாட்டத்தில் தலையில் இருக்கும் கரகம் அசையாது. கீழே இடுப்பும் காலும் ஆடும். பெல்லி டான்ஸின் அடிப்படையும் அதுதான். ஒரு பாகம் ஆடும்போது மற்றதெல்லாம் சும்மா இருக்க வேண்டும். உடம்புக்குக் கிடைக்கும் பலனில் ஒரு பங்கு அந்தச் சும்மா இருப்பதிலிருந்துதான் வருகிறது. ஆடாத பாகத்தைப் பிடித்து வைக்க வயிற்றின் ஆழத்திலிருக்கும் தசையும் முதுகுத் தசையும் ஓயாமல் வேலை செய்யும்.

பேரைக் கேட்டுக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எகிப்தில் இதன் பெயர் ரக்ஸ் ஷர்கி, அதாவது கிழக்கத்திய நடனம். 'வயிற்று நடனம்' என்பது பிரெஞ்சுக்காரர்கள் சொன்னது. 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எகிப்தின் கல்யாண வீடுகளில் பெண்கள் சாதாரண உடையிலேயே ஆடுவார்கள். ஜிகினா உடையெல்லாம் மேடைக்கு.

நமக்கு லெக்கின்ஸும் ஒரு டீ ஷர்ட்டும் போதும். நைட்டி வேண்டாம், முழங்கால் என்ன செய்கிறது என்று கண்ணாடியில் தெரியாது. பழைய சுங்குடித் துப்பட்டா ஒன்றை இடையில் இல்லாமல், இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். நான் அதன் ஓரத்தில் குட்டிச் சலங்கை மணிகளைத் தைத்து வைத்திருக்கிறேன். மொசைக் தரையில் சாக்ஸ் வழுக்கும், வெறுங்காலே நல்லது.

நிற்பது

அவசரப்படாமல் படியுங்கள், பாதிப் பாடம் இங்கேதான். இரண்டு பாதமும் இடுப்புக்கு நேர் கீழே, நேராகப் பார்க்கட்டும். முழங்காலை இறுக்கிப் பூட்டாமல் லேசாகத் தளர்த்துங்கள். வால் எலும்பு தரையைப் பார்க்க வேண்டும். பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. தொப்புளை மெல்ல உள்ளே இழுங்கள், மூச்சை அடக்க வேண்டாம். நெஞ்சு நிமிரட்டும், தோள் கீழே இறங்கட்டும்.

நான் முதல் வாரம் இதைத்தான் கோட்டை விட்டேன். வீடியோவில் வருகிற பெண் மாதிரி அழகாக வளைகிறேன் என்று நினைத்துக்கொண்டு இடுப்பைப் பின்னால் தள்ளி ஆடி, கீழ் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று பாருங்கள். கீழ் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே உங்கள் கை தாராளமாகப் போய்வந்தால் வளைவு அதிகம் என்று அர்த்தம்.

ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து, தோளைச் சுழற்றி, உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டு நகர்வு

இடுப்பில் குடம் வைத்தவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதே இல்லை. குடம் உட்கார இடுப்பை ஒரு பக்கம் தள்ளுவோமே, அதே தள்ளல். வலது பக்கம், நடு, இடது பக்கம், நடு. தோள் கூடவே போகக் கூடாது. போகிறதா என்று தெரிய, தலையில் ஒரு புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு எட்டு முறை.

வட்டம்

ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது குழவி சுற்றும் விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வலம், பின், இடம், முன். ஆரம்பத்தில் வட்டம் வராது, சதுரம்தான் வரும். பரவாயில்லை, வட்டத்தைச் சிறிதாக்கினால் மூலை தேயும். இரண்டு திசையிலும் சுற்ற வேண்டும். எல்லோருக்கும் ஒரு திசை பிடிவாதம் பிடிக்கும். எனக்கு இடது.

இடுப்பு இறக்கம்

எடை முழுவதும் இடது காலில். வலது காலை அரை அடி முன்னே வைத்து, முன்பாதம் மட்டும் தரையில் படட்டும். வலது இடுப்பை ஏற்றுங்கள், பிறகு பட்டென்று விடுங்கள். இறக்கும்போது அழுத்த வேண்டியதில்லை, விட்டால் போதும். சலங்கை ஒரே 'சல்' என்று ஒலித்தால் சரி. 'சலசல' என்று இழுத்தால் வயிறு தளர்ந்திருக்கிறது.

ஷிம்மி

எல்லோரும் ஆசைப்படும் அந்த நடுக்கம். இடுப்பை ஆட்ட முயலாதீர்கள். முழங்கால்களை மாற்றி மாற்றிச் சிறிதாக மடக்கி நீட்டுங்கள், இடுப்பு தானாக நடுங்கும். அரை நிமிடத்திலேயே தொடை எரியும்.

வயிற்றை அலை அலையாய் உருட்டுவதை இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

சரி, என்னதான் கிடைக்கும்? வயிற்றை ஆட்டினால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது கதை. கொழுப்பு உடம்பு முழுவதும் சேர்ந்துதான் குறையும், அதற்குச் சாப்பாடும் முக்கியம். இதில் நிச்சயமாகக் கிடைப்பது வேறு. நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தோ அடுப்படியில் நின்றோ இறுகிப்போன இடுப்பு மூட்டு இளகும். வயிறு, தொடை, பின்புறத் தசைகள் வலுவாகும். குதிப்பு இல்லாததால் முழங்காலுக்கு அடி விழாது. வேகம் கூட்டினால் மூச்சு வாங்கும்; உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சிக் கணக்கில் அதையும் சேர்க்கலாம். தும்மினால் சிறுநீர் கசிகிற பெண்கள் இதையே மருந்தாக நம்ப வேண்டாம். இடுப்புத்தளத் தசைக்குத் தனிப் பயிற்சி உண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார்.

கர்ப்பிணிகள், சிசேரியனோ வேறு வயிற்று ஆபரேஷனோ ஆகிக் கொஞ்ச நாளே ஆனவர்கள், குடலிறக்கம் அல்லது டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் தினம் பத்து நிமிடம், பாட்டு இல்லாமலே. அப்புறம் தர்புகா தாளம் போட்டுக்கொள்ளலாம். அது அரபு நாட்டுக் கைமேளம். நடுவில் அடித்தால் 'தும்', ஓரத்தில் அடித்தால் 'தெக்'. மக்ஸூம் என்ற தாளம் பழகச் சுலபம்: தும் தெக், தெக் தும், தெக். ஒவ்வொரு தும்முக்கும் இடுப்பு ஒருமுறை இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் அதை எவர்சில்வர் டப்பாவில் தட்டுவது அத்தைதான். தும் சரியாக விழும், தெக்கில்தான் கொஞ்சம் அவசரப்படுவார்.