இயேசு சபையின் மூல விதிகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழா மலர்களிலும் பங்கு இதழ்களிலும், இஞ்ஞாசியார் நிறுவிய கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையைப் பற்றி எழுதுவோர் பலர், ‘இஞ்ஞாசியார் எழுதிய சபைச் சட்டங்களைத் திருத்தந்தை 1540-இல் அங்கீகரித்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு வெவ்வேறு ஆவணங்கள் அந்த வரியில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மூன்றாம் பவுல் 1540 செப்டம்பர் 27 அன்று ஆணை மடல் வழியாக உறுதிசெய்தது, இஞ்ஞாசியாரும் தோழர்களும் முந்திய ஆண்டு ரோமையில் கூடிப் பேசி ஐந்தே அதிகாரங்களில் வரைந்த மூல விதியைத்தான். பத்துப் பகுதிகள் கொண்ட சபைச் சட்டங்களை இஞ்ஞாசியார் அதன் பிறகே எழுதத் தொடங்கி, 1556-இல் இறக்கும்வரை திருத்தி வந்தார். சபைப் பிரதிநிதிகளின் முதல் பொதுப்பேரவை அவற்றை ஏற்றது 1558-இல்.

பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் 1534 ஆகஸ்ட் 15 அன்று இஞ்ஞாசியார் உள்ளிட்ட எழுவர் வார்த்தைப்பாடு (கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதி) கொடுத்ததைச் சபையின் தொடக்கமாகக் கொள்வதும் பிழையே. ஏழ்மையும் கற்பும் எருசலேம் பயணமும் அதில் இருந்தன. தங்களுள் ஒருவருக்குக் கீழ்ப்படிவது என்பது அதில் இல்லை. அந்த முடிவை அவர்கள் 1539-இல்தான், பல வாரங்கள் செபித்தும் விவாதித்தும் எடுத்தார்கள்.

புரோட்டஸ்டன்ட் சீர்திருத்த சபைகளை எதிர்க்கவே இயேசு சபை தோன்றியது என்ற கூற்று பரவலானது. அப்படி எழுதுமுன் மூல விதியின் இரு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 1540-இன் வடிவம் விசுவாசத்தைப் பரப்புவதைச் சொல்கிறது. மூன்றாம் ஜூலியஸ் 1550-இல் உறுதிசெய்த வடிவத்தில்தான் ‘காத்தல்’ என்ற சொல் அதற்கு முன்னால் வந்து சேர்கிறது. உறுப்பினர் அறுபது பேருக்கு மிகக் கூடாது என்று 1540-இன் மடல் விதித்த வரம்பும் 1544-இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், ஆண்டைக் குறிப்பிடாமல் ‘சபையின் விதி சொல்கிறது’ என்று எழுதுவது வாசகரை ஏமாற்றிவிடும்.

மிகுதியாகச் சிதைக்கப்படுவது, ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றுக்கும் மேலாகக் கொடுக்கும் நான்காம் வார்த்தைப்பாடு. திருத்தந்தைக்கு எல்லாவற்றிலும் படைவீரரைப்போல் கட்டுப்படும் உறுதிமொழி அன்று அது. அவர் எங்கே அனுப்பினாலும் மறுக்காமல் புறப்படும் வாக்கு. துருக்கியரிடமோ, ‘இந்தியா என்று சொல்லப்படும் பகுதிகளில்’ உள்ளவர்களிடமோ அனுப்பினாலும் செல்வோம் என்று மூல விதியே இடங்களைச் சுட்டுகிறது. அது வெறும் ஏட்டுச் சொல்லாக நிற்கவில்லை. பின்னாளில் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஆணை மடல் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பே, 1540 மார்ச்சில் ரோமையை விட்டுக் கிளம்பிவிட்டார். தாம் இல்லாதபோது தோழர்கள் வகுக்கும் விதிகள் அனைத்தையும் ஏற்பதாகவும், தலைவர் பொறுப்புக்குத் தம் வாக்கு இஞ்ஞாசியாருக்கே என்றும் தம் கைப்பட எழுதி வைத்துவிட்டுச் சென்றார். சபையின் விதிகளைப் பற்றி எழுதும் எவரும் அந்தத் தாளை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இந்த நான்காம் வார்த்தைப்பாட்டை இயேசு சபையினர் எல்லாரும் கொடுப்பதாக எழுதுவதும் தவறு. குருக்கள் அல்லாத சகோதரர்களும் குருக்களில் ஒரு பகுதியினரும் அதைக் கொடுப்பதில்லை. 1974–75-இல் கூடிய 32-ஆம் பொதுப்பேரவை அதை அனைவருக்கும் விரிவாக்க விரும்பியபோது, ஆறாம் பவுல் இசையவில்லை. மூல விதி திருத்தந்தையின் மடலாக நிற்பதால், அவர் ஒப்புதலின்றிப் பொதுப்பேரவையாலும் அதை மாற்ற முடியாது.