நடுங்கும் கையை எக்ஸ்ரே எடுத்த விதம்: என் அனுபவம்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான வெளிநோயாளர் கிளினிக்கில் எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்டாக இருக்கிறேன். வியட்நாம் போருக்குப் போய் வந்த ஒருவர் கை எக்ஸ்ரேவுக்கு வந்தார். கை நடுக்கம் வரும் பார்க்கின்சன் நோய் அவருக்கு. அந்தப் போரில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியின் பாதிப்போடு தொடர்புள்ளதாக அரசு ஏற்கும் நோய்களில் இதுவும் 2010 முதல் உண்டு. இவரைப் போல் பலர் எங்களிடம் வருகிறார்கள்.

முதல் படம் மங்கல். விரல் எலும்புகளின் ஓரம் இரட்டைக் கோடாகத் தெரிந்தது. மணிக்கட்டில் மணல் பை வைத்தும் கட்டைவிரல் ஆட்காட்டி விரலை உரசிக்கொண்டே இருந்தது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. தவறு அவருடையது இல்லையே.

அப்புறம்தான் எக்ஸ்போஷர் நேரத்தை, அதாவது கதிர் பாயும் நேரத்தைக் கவனித்தேன். எக்ஸ்ரே குழாயின் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியர், நேரம் 0.06 நொடி. இந்த நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 முறை வரும். அதற்குள் விரல் நன்றாகவே நகர்ந்துவிடும். 300 மில்லி ஆம்பியர், 0.01 நொடி என்று மாற்றினேன். பெருக்கினால் இரண்டும் 3தான், அதனால் கதிர்வீச்சின் அளவு அதிகமாகாது. இவ்வளவு மின்னோட்டத்துக்கு, குழாயில் கதிர் கிளம்பும் இடமான ஃபோகல் ஸ்பாட்டைப் பெரியதாக மாற்ற வேண்டியிருந்தது; அது படக்கூர்மையைக் கொஞ்சம் குறைக்கும். கை, படத்தைப் பதிவு செய்யும் தட்டான டிடெக்டரை ஒட்டியே இருப்பதால் அதில் பெரிய இழப்பில்லை.

இன்னொன்று, கை சும்மா இருக்கும்போதுதான் இந்த நடுக்கம் அதிகம். “உள்ளங்கையால் தட்டை லேசாக அழுத்துங்கள்” என்றேன். அழுத்தியதும் கட்டைவிரல் அடங்கியது. உடனே பட்டனை அமுக்கினேன். எலும்பின் உள்வலை வரை தெளிவாக விழுந்தது.

இப்போதெல்லாம் இப்படி வருபவர்களிடம் நடுக்கத்துக்கான மாத்திரை எப்போது போட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அது வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை காத்திருந்து எடுக்கிறேன்.