நடுமுதுகு டிஸ்க் விலகல்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

மும்பையின் மாட்டுங்காவிலும் தாராவியிலும் நம்மவர்கள் தூக்கிவரும் மருத்துவக் கோப்புகள் சிலவற்றைப் பிரித்தால் ஈ.சி.ஜி., பித்தப்பை ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, கடைசியில் இடுப்பு எம்.ஆர்.ஐ. என்று வரிசையாக இருக்கும். எதிலும் கோளாறு இராது. நோயோ யாரும் படமெடுக்காத நடுமுதுகில் இருக்கும்.

மார்பு முள்ளெலும்புகள் 12. விலா எலும்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் அங்கே அசைவு குறைவு; அதனால் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கித் தொல்லை தரும் விலகல்களில் 1 சதவீதம்கூட அங்கே நேர்வதில்லை. வலி நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிக் கச்சை கட்டியதுபோல் இறுக்கும். முதலில் இதயத்தைப் பார்ப்பது சரிதான்; அங்கே ஒன்றுமில்லை என்றதும் ‘வாயு’ என்று முடித்துவிடுவதுதான் தவறு. தாதர் நிலையத்தில் படியேறும்போது கால் விறைக்கிறதா, செருப்பு கழன்றதே தெரியாமல் நடக்கிறாரா, சிறுநீரை அடக்க முடியவில்லையா என்று கேட்க வேண்டும். முழங்காலைத் தட்டினால் கால் அளவுக்கு மீறித் துள்ளும். இவை முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் நசுங்குவதன் அடையாளங்கள். தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடுவதால், அதற்குக் கீழே தேடிப் பயனில்லை.

எதிர்த் தவறும் உண்டு. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 37 சதவீதம் பேருக்கு மார்புப் பகுதியில் டிஸ்க் விலகல் தெரிந்தது. படத்தைப் பார்த்து மட்டும் கத்தி எடுக்கக் கூடாது.

அறுவை தேவை என்றானால் சி.டி. ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம். இந்த டிஸ்க்குகளில் பல சுண்ணாம்பேறிக் கல்லாகித் தண்டுவட உறையோடு ஒட்டியிருக்கும், எம்.ஆர்.ஐ. அதைத் தெளிவாகக் காட்டாது. பின்புறம் எலும்பைத் திறந்து, தண்டுவடத்தை ஒதுக்கிவிட்டு டிஸ்க்கை எடுப்பது பழைய முறை. முதுகெலும்பின் இடுக்கமான அந்தக் குழாயில் தண்டுவடத்தைத் தொட்டு நகர்த்தினாலே கால்கள் செயலிழக்கலாம். இதன் மோசமான விளைவுகளை லண்டன் அறுவை மருத்துவர் வாலன்டைன் லோக் 1952-இலேயே எழுதிவிட்டார். இன்று பக்கவாட்டிலோ மார்பறை வழியாகவோ நெருங்குகிறார்கள்.

எனக்கு மிகவும் அஞ்சத்தக்கதாகத் தோன்றுவது எண்ணிக்கைப் பிழை, அதாவது தவறான டிஸ்க்கில் கத்தி வைத்துவிடுவது. மார்பு முள்ளெலும்புகள் ஒன்றுபோலவே இருக்கும். சிலருக்கு விலா ஒன்று கூடும், குறையும். ஒரு ஸ்கேன் மையம் கழுத்திலிருந்தும் இன்னொன்று இடுப்பிலிருந்தும் எண்ணினால், ஒரே டிஸ்க்குக்கு இரண்டு எண்கள் வந்துவிடும். முழு முதுகெலும்பும் தெரியும் படத்தில் எண்ணி, வேண்டுமானால் முன்னதாகவே எலும்பில் அடையாளம் பதித்து, அறுவை மேசையில் எக்ஸ்ரேயோடு ஒப்பிட வேண்டும். “எந்த எலும்பு என்று எங்கிருந்து எண்ணினீர்கள், டாக்டர்?” என்று நோயாளியே கேட்கலாம், நல்ல மருத்துவர் படத்தை எடுத்து விரல் வைத்துக் காட்டுவார்.