1957 ஏப்ரல் 1 பேப்பரை வாசிப்பது எப்படி

பழைய பேப்பர் படிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பெரிய நாளாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். 1947 ஆகஸ்ட் 15, 1948 ஜனவரி 31 இப்படி. அதில் என்ன எழுதியிருக்கும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும், சிரிக்கவும் ஒன்றும் இருக்காது. சர்க்கார் எதையோ மாற்றிவிட, ஜனங்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற நாளாகப் பாருங்கள். என் சிபாரிசு 1957 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. இந்தியாவில் அணாவுக்குப் பதிலாக, ரூபாய்க்கு நூறு என்ற கணக்கில் நயா பைசா என்ற புதுக் காசு புழக்கத்துக்கு வந்த நாள். நிதியாண்டு அன்றுதான் தொடங்குகிறது என்று சமாதானம் சொல்லலாம், ஆனாலும் முட்டாள்கள் தினத்தன்று காசை மாற்ற ஒரு துணிச்சல் வேண்டும்.

சென்னையில் இருந்தால் எழும்பூர் கன்னிமாராவிலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ பழைய நாளிதழ்கள் பற்றி விசாரித்துப் பாருங்கள், போகும்முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். பைண்டு செய்த தொகுப்பு கிடைத்தால் தாளின் மூலையைப் பிடித்துத் திருப்பாதீர்கள், அப்பளம் மாதிரி ஒடியும். உள்ளங்கையைத் தாளுக்கு அடியில் கொடுத்து, மொத்தப் பக்கத்தையும் தாங்கிப் புரட்டவேண்டும். எச்சில் தொட்டுப் புரட்டுகிற பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பக்கங்களைப் படம் பிடித்த மைக்ரோஃபிலிம் சுருள் என்றால் மெதுவாகச் சுற்றுங்கள். நான் முதல் தடவை ஆர்வத்தில் வேகமாகச் சுற்றி, அரைமணி நேரத்தில் எனக்கே தலை சுற்றி வெளியே வந்து டீ குடித்தேன்.

சரி, பேப்பர் கையில் வந்தாயிற்று. உடனே செய்திக்குப் போகாமல் தேதியில் கொஞ்சம் நில்லுங்கள். பத்து நாள் முன்னால், மார்ச் 22 அன்றுதான் ‘சக’ என்ற பழைய இந்திய வருடக் கணக்கை தேசிய காலண்டராக்கியிருந்தார்கள். ஆக அன்றைக்கு ஆபீஸ் காலண்டரில் ஏப்ரல் 1, தேசிய காலண்டரில் சைத்ர மாதம் 11, வருடம் 1879. நம் வீட்டுச் சுவரிலோ இன்னும் துன்முகி வருடப் பங்குனி முடியவில்லை. இன்றைக்கு என்ன தேதி, பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் சட்டென்று பதில் சொல்லமுடியாத ஒரு திங்கட்கிழமை.

அப்புறம், முதல் பக்கத்தில் தலைப்புச் செய்தியைத் தேடி ஏமாறாதீர்கள். ‘தி இந்து’ முதல் பக்கத்தில் செய்தி போட ஆரம்பித்ததே 1958 ஜனவரி 14 அன்றுதான், அதுவரை அங்கே விளம்பரம். அதைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடவேண்டாம், ஒரு ஊரின் கவலை என்ன என்பது தலையங்கத்தைவிட விளம்பரத்தில்தான் நன்றாகத் தெரியும் என்பது என் கட்சி.

தமிழ்ப் பேப்பர் என்றால் பக்கத்தில் ஒரு சின்ன அகராதி தயார் செய்துகொள்ளுங்கள். அபேட்சகர் என்றால் வேட்பாளர், அக்கிராசனர் என்றால் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர், ராஜ்யம் என்றால் மாநிலம், உபாத்தியாயர் நம் வாத்தியார்தான். பொதுத்தேர்தல் முடிந்த கையோடு வந்த பேப்பர் என்பதால் அபேட்சகர்கள் நிறையத் தட்டுப்படுவார்கள். தி.மு.க. முதல்முறையாக நின்ற தேர்தல் அது, காஞ்சிபுரத்தில் அண்ணாவும் குளித்தலையில் கருணாநிதியும் ஜெயித்திருந்தார்கள். ஆனால் கட்சிக்கு அப்போது தேர்தல் கமிஷன் அங்கீகாரம் கிடையாது, அதனால் பட்டியலில் கண்ணில் படவில்லை என்றால் சுயேச்சைகளில் தேடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு பேனாவும் வெள்ளைத்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள், இதை வெறுமனே படித்தால் ருசிக்காது, கணக்குப் போட்டால்தான் சிரிப்பு வரும். பழைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. புதுக் கணக்கில் 100 நயா பைசா. ஓரணாவுக்கு 6.25 வரும், கால் பைசாவுக்கு எங்கே போவது? அரைக்கு மேல் போனால் ஒன்றாக எடுத்துக்கொள், அரையோ அதற்குக் குறைவோ என்றால் விட்டுவிடு என்று விதி. அதன்படி காலணா 1.56, எனவே 2 நயா பைசா. அரையணா 3.12, எனவே 3. ஓரணா 6, ஈரணா 12, மூணணாவுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒன்று கூடி 19.

இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு கடைக்குப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓரணாச் சாமான் பதினாறை ஒவ்வொன்றாகப் புதுக் காசில் வாங்கினால் 96 நயா பைசாவில் முடிந்துவிடும், மீதி நாலு நம் பையில், கடைக்காரர் முகத்தில் ஈயாடாது. அதே கடையில் காலணா மிட்டாய் நாலைத் தனித்தனியாக வாங்கினால் 8 ஆகும், சேர்த்து வாங்கினால் 6, இப்போது அவர் சிரிப்பார். பழைய காசும் பல வருடம் கூடவே புழங்கியதால் இந்தத் தகராறு ஒரே நாளில் தீரவும் இல்லை. ‘நயா’ என்ற அடைமொழியை எடுத்ததே 1964 ஜூனில்தான்.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். அதே தேதியில் வேறு ஊரில் என்ன நடந்தது என்று பார்த்துப் பக்கத்தில் வையுங்கள். அன்று சாயங்காலம் பிபிசி டெலிவிஷனில், சுவிட்சர்லாந்தில் பெண்கள் மரத்திலிருந்து ஸ்பாகெட்டி (மாவில் செய்கிற, நம் சேமியா மாதிரியான பண்டம்) பறிப்பதாக மூன்று நிமிடப் படம் ஒன்றைக் காட்டினார்கள். ரிச்சர்ட் டிம்பிள்பி சிரிக்காமல் வர்ணனை சொன்னார், அந்தச் செடியை எப்படி வளர்ப்பது என்று கேட்டுப் போன்கள் வந்தன. அங்கே பொய்யை நம்பினார்கள். இங்கே மூணணாவுக்கு 19 நயா பைசா என்று உண்மையைச் சொன்னால் நம்ப ஆள் இருந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

நான் போட்ட அட்டவணையை அப்போது பத்து வயதாக இருந்த என் அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலணா வரியையும் அரையணா வரியையும் பார்த்தவர், “ஆளுக்குக் காலணா மிட்டாய் வாங்கினா நாலு பைசாடா, அதான் நானும் உங்கப்பாவும் சேர்ந்து மூணு பைசாவுக்கு அரையணா மிட்டாயா வாங்கிக் கடிச்சுப்போம்” என்றார். மிச்சமான அந்த ஒரு பைசா யாரிடம் இருந்தது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.